முதல் அறையில் பிறந்தவள்

அம்மா ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். வீட்டில் மூன்று நாளாக நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை செய்யும் இடத்தில் வைத்து மடக்கிவிடலாம் என்ற கணக்கு. நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். லேசில் எழுந்து போகும் உத்தேசம் தெரியவில்லை.

வெளியூர் ஆய்வு நிலையத்தில் மூன்று வருட வேலை. சம்மதக் கடிதத்தை மாலை ஐந்து மணிக்குள் பேராசிரியரிடம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள். கையெழுத்துப் போடாத கடிதம் மேஜையில் கிடந்தது. அம்மாவின் கண் அதன் மேலேயே இருந்தது.

"தம்பி பொண்டாட்டி வேலைக்குப் போறா. ரெண்டு பிள்ளைங்களையும் யாரு பாப்பா? என் முட்டி இருக்கிற லட்சணத்துல நானா?"

"பெத்தவங்க பாக்கட்டும்."

"வாய் நீண்டுடுச்சு உனக்கு."

வீட்டில் எனக்குப் பெயரே பெரியவள்தான். உயரத்தில் எல்லோரையும்விடக் குட்டை நான். தம்பிக்கு டம்ளர் நிறையப் பால். பால் பாத்திரத்தைக் கழுவிய தண்ணீர் எனக்கு. அப்படி வளர்ந்தவனை இடுப்பில் சுமந்தது போதாதென்று, முப்பத்தாறு வயதில் அவன் பிள்ளைகளையும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

பேச்சை வளர்க்காமல், காய்ந்த தண்டு ஒன்றை எடுத்து பிளேடால் நீளவாக்கில் பிளந்தேன். என் வேலையே அதுதான். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மகரந்த உருண்டை, அதன் மேல் ஒரு புழு.

"இங்க பாரும்மா. இது தேனீல ஒரு வகை. தாய் ஒண்டியா கூடு கட்டும். அடியில இருக்கிற முதல் அறையில பொறக்கிறவதான் மூத்த பொண்ணு. அவளுக்கு மட்டும் உருண்டைய சின்னதா வைக்கும்."

"ஏன்?"

"வயித்துக்குப் பத்தாம குள்ளமா வளருவா. தனியா கூடு கட்டத் தெம்பு இருக்காது. வீட்டோட கெடந்து தம்பி தங்கச்சிங்களுக்குத் தீனி கொண்டுவருவா. குளிர் வர்றதுக்குள்ள செத்துடுவா. பூச்சிங்க கூட்டுக் குடும்பம் நடத்த ஆரம்பிச்சதே இப்படித்தான் இருக்கும்னு எங்க பேராசிரியர் சொல்றார்."

அம்மா அழுவாள், எல்லாரையும் ஒண்ணாத்தானே வளர்த்தேன் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கெல்லாம் பதில் தயாராக இருந்தது. அவளோ தண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா செத்துப்போனப்புறம் நமக்குக் கெடச்சது நாளைக்கு அரை லிட்டர் பால். பங்கு போட்டிருந்தா ரெண்டு பேரும் நோஞ்சானாயிருப்பீங்க. அதான் உனக்குக் குறைச்சேன். தெரிஞ்சேதான் குறைச்சேன்."

பிளேடை மேஜையில் வைத்தேன். இத்தனை வருடம் கேட்கத் துணியாத கேள்விக்கு, இவ்வளவு சாவகாசமாகப் பதில் வரும் என்று நினைக்கவில்லை. அந்த நிமிடம் அவளை நான் மனதார வெறுத்தேன்.

"அந்த மூத்தவளுக்கு வயிறு நெறயப் போட்டா என்ன பண்ணுவா?" என்று கேட்டாள்.

இந்த வருடச் சோதனையே அதுதான். இருபது தண்டுகளில் முதல் அறைக்கு மகரந்தம் கூட்டி வைத்ததும் நானேதான்.

"தீனி சுமக்க மாட்டா. தன் பாட்டுக்குப் பறந்துடுவா."

"மத்ததுங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தண்டையும் பிளந்து எண்ணியவள் நான்.

"பாதிக்கு மேல செத்துப்போச்சு."

அம்மாவின் முகத்தில் ஜெயித்த களை வந்தது. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். என்னையும் கையோடு கூட்டிப் போகப் போகிறவள் மாதிரி எழுந்து நின்றாள்.

"பாத்தியா? உன் வாயாலயே சொல்லிட்ட. கிளம்பு."

கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். மணி நாலரை ஆகியிருந்தது.

"பச்சப் பிள்ளைங்கடி. என்ன ஆகும்னு தெரிஞ்சே போறியா?"

"தெரிஞ்சேதான்" என்று சொல்லிவிட்டு, பேராசிரியரின் அறைக்கு நடந்தேன்.