மேதையின் வட்டம்

மேதை அந்தக் கல்லூரியில் படித்ததும் இல்லை, பாடம் நடத்தியதும் இல்லை. ஐம்பது வருடத்துக்கு முன் ரயிலைத் தவறவிட்டவர், அடுத்த ரயில் வரும்வரை பொழுது போகாமல் இயற்பியல் துறைக்கு வந்து ஒரு மணி நேரம் பேசினார். கரும்பலகையில் ஏழு வரி எழுதினார், கிளம்பிவிட்டார். பிறகு உலகப் புகழ் பெற்றார். கல்லூரி உடனே பலகைக்குக் கண்ணாடி போட்டுப் பூட்டி, அவரைத் தான் பெற்ற பிள்ளை மாதிரி சொந்தம் கொண்டாட ஆரம்பித்தது.

கண்ணாடியின் சாவி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் லேப் அக்காவிடம் இருந்தது. முதல்வருக்குக்கூட அவள் லேப் அக்காதான். முப்பத்தொரு வருடமாக லென்ஸ் துடைத்து, ஒயர் சுருட்டி, உடைந்ததற்கெல்லாம் திட்டு வாங்கியவள். ஓய்வுக்கு இன்னும் நான்கு மாதம்.

பதினோரு வருடத்துக்கு முன் சுவருக்கு வெள்ளையடித்தபோது கண்ணாடியை எடுத்துவிட்டு, பலகையைக் கழற்றி மேசைமேல் படுக்க வைத்திருந்தார்கள். அக்கா சட்டத்தின் தூசியைத் தட்டிக்கொண்டே கையிலிருந்த டீ டம்ளரை ஒரு நிமிடம் கீழே வைத்தாள். எங்கே வைத்தோம் என்பது எடுத்தபிறகுதான் உறைத்தது. ஐந்தாம் வரிக்கும் ஆறாம் வரிக்கும் நடுவில் அச்சடித்ததுபோல் ஒரு ஈர வளையம். துடைத்தால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து போகும். விட்டால் கறை காட்டிக்கொடுக்கும். காயும்வரை காத்திருந்து, சாக்பீஸை எடுத்து வளையத்தின் மேலேயே ஒரு வட்டம் போட்டுவிட்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேட்காததோடு விட்டார்களா என்றால் இல்லை. வட்டத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மேதையின் அறிவியல், பண்பாட்டுக் கொடை பற்றி இரண்டு நாள் மாநாடு என்று முடிவானதும் வட்டமே சின்னமாயிற்று. பையில் வட்டம், பேனாவில் வட்டம், முதல்வரின் கோட்டில் குத்திய பேட்ஜில் வட்டம். ஓவியத்துறைத் தலைவர் அதிலிருக்கும் வெறுமையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுவதாக ஏற்பாடு. அக்கா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். ஊரே சந்தோஷமாக இருக்கும்போது நாம் எதற்கு முட்டுக்கட்டை போடுவது என்று சும்மா இருந்தாள்.

மாநாட்டுக்கு முந்தின நாள் கட்டுரைச் சுருக்கங்களை ஸ்டேப்ளர் அடிக்கும்போதுதான் சிரிப்பு நின்றது. ஒரு வெளியூர் ஆய்வு மாணவி எழுதியிருந்தாள்: மேதை தன் பெரிய கொள்கையை வெளியிடுவதற்கு ஒன்பது வருடம் முன்பே அதை இந்தப் பலகையில் வரைந்துவிட்டார். ஆதாரம் இந்த வட்டம். புகைப்படத்தை வைத்து அவள் கணக்கிட்ட விட்டம் ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர். நான்கு வருட உழைப்பு.

அக்கா அலமாரியிலிருந்து அந்தப் பழைய டம்ளரை எடுத்தாள். மாணவர்கள் விட்டம் அளக்கும் வெர்னியர் அளவியை அடிப்பாகத்தில் வைத்துப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு.

தையற்காரரான கணவரிடம் அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னாள். “நாலு மாசம் வாயைத் திறக்காம இரு” என்றார் அவர். கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டிவிட்டு, “ஆனா ஒண்ணு. அளவு தப்புன்னா தைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடணும். தைச்சப்புறம் சொன்னா துணியும் போச்சு, பேரும் போச்சு” என்றார்.

மறுநாள் காலை பலகையைப் பார்க்க அந்தப் பெண் முதல் ஆளாக வந்தாள். மெலிந்த உடம்பு, தூங்காத கண். கண்ணாடிக்கு முன் நின்று வட்டத்தை விரலால் காற்றிலேயே வரைந்து பார்த்தாள். அக்கா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

“அது நான் போட்டதும்மா. டம்ளர் வெச்ச தடம். மறைக்கிறதுக்காக மேல வரைஞ்சேன்.”

பெண் சிரிக்கப் பார்த்தாள். அக்கா டம்ளரையும் வெர்னியரையும் நீட்டினாள். அவள் மூன்று முறை அளந்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“என் வீட்டுக்காரருக்கு. இப்ப உனக்கு. நீ பேசுறதும் பேசாததும் உன் இஷ்டம். யாராவது கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“என்னோட பேப்பர்ல மீதி ஒண்ணுமே இல்லைக்கா.”

டீ வேண்டுமா என்று கேட்க நினைத்த அக்கா, கேட்காமல் விட்டாள்.

பன்னிரண்டரைக்கு அந்தப் பெண் டம்ளரோடு மேடையேறினாள். நான்கு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அரங்கம் நம்பவில்லை. தலைமை வகித்த பேராசிரியர், அளவு ஒத்துப்போவது தற்செயல் என்றார். ஓவியத்துறைத் தலைவர், ஒரு டம்ளரால் அப்படிப்பட்ட வெறுமையைப் படைக்க முடியாது என்றார். உங்கள் பழைய கட்டுரையே பிரமாதம், அவநம்பிக்கை வேண்டாம் என்று வேறொருவர் தைரியம் சொன்னார்.

பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள். “நான்தாங்க வெச்சேன்.”

“பதிவு செஞ்சவங்க மட்டும் கேள்வி கேட்கலாம்” என்றார் தலைமை வகித்தவர். அக்கா கழுத்தில் அட்டை இல்லை. சாப்பாட்டு நேரம் வேறு ஆகிவிட்டது. கைதட்டிக் கலைந்தார்கள்.

எல்லோரும் சாப்பிடப் போனபின் அந்தப் பெண் ஆய்வகத்துக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று அக்கா காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“என் கைடு என் பேப்பரைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்” என்றாள் அவள். “கமிட்டியும் படிக்கல. நாலு வருஷத்துல நீங்க ஒருத்தங்கதான் படிச்சு, அளந்தும் பார்த்திருக்கீங்க.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்து, பலகையின் கண்ணாடியைத் திறந்தாள். “எனக்குக் கை நடுங்கும். பக்கத்து எழுத்துல பட்டுடுமோன்னு பயந்துதான் இத்தனை வருஷமா தொடல.”

“எனக்குத் தெரியும் எங்க எங்க படக்கூடாதுன்னு” என்றாள் பெண்.

அதுவும் உண்மைதான். அந்த வட்டத்தை மயிரிழை பிசகாமல் அறிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். பஞ்சைக் குச்சியில் சுற்றி, நனைத்து, ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் பிடித்தது. மேதையின் எழுத்தில் ஒரு புள்ளி கலையவில்லை. கடைசித் துணுக்கில் மட்டும் கை நின்றது. அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் போயிற்று.

நிறைவு விழாவில் முதல்வர் அதே பலகைக்கு முன் எல்லோரையும் நிறுத்தி, வட்டம் போட்ட பைகளை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, குழுப்படம் எடுத்துக்கொண்டார். நான்கு மாதம் கழித்து அக்கா சாவியை ஒப்படைக்கும் நாளன்றும் அந்தப் படம் அலுவலகச் சுவரில் தொங்கியது. அதுவரை பலகையில் வட்டம் இல்லை என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை.