நடுப் பெடல்

கியர் லிவருக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன லிவர் மறுபடியும் தானே வெளியே குதித்தது. 'டக்' என்று ஒரு சத்தம்தான். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு மேடேறிக்கொண்டிருந்த ஜீப்புக்குப் பலமெல்லாம் போய்விட்டது, எஞ்சின் மட்டும் வெறுமனே கத்தியது. வண்டி பின்னால் நழுவுவதற்குள் என் வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்துவிட்டார். நான் வழக்கம்போல "ஐயோ" என்று அலறி அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"வண்டியைவிட நீதான் ஜாஸ்தி சத்தம் போடுறே" என்றார். சிரிக்க முயன்றார், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வீட்டில் எனக்குப் பெயரே பயந்தாங்கொள்ளிதான். குக்கர் விசில் அடித்தால்கூடத் தூக்கிவாரிப் போடும். அதனாலேயே இவர் எந்தக் கெட்ட செய்தியையும் எனக்கு முழுசாகச் சொன்னதில்லை. என் தம்பி பைக்கிலிருந்து விழுந்த விஷயம்கூட அவன் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரியும். வண்டியில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தானாகக் கீழே அழுத்தும். "உன் பக்கத்துல தகரமே தேஞ்சுபோச்சு, நீ ஒரு பிரேக்கு நான் ஒரு பிரேக்கு" என்று கேலி செய்வார். நான் தையல்காரி. இத்தனை வருஷமாக மெஷினை மிதித்த கால், சும்மா இரு என்றால் எப்படி இருக்கும்? அன்றைக்குப் பின் சீட் முழுக்க நான் தைத்த சீருடை மூட்டைகள். மலைக்கு மேலே இருக்கும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவை.

அப்போதுதான் அந்தச் சின்ன லிவரின் கழுத்தைப் பார்த்தேன். என் கடை நாடா. போன வாரம் "கெட்டியா ஒரு நாடா இருந்தா குடேன்" என்று கேட்டார். எதுக்கு என்று கேட்டதற்கு "சும்மா" என்றார். அந்த நாடாவால் லிவரை இழுத்து சீட்டின் கம்பியில் கட்டியிருந்தார். அது அறுந்து இரண்டாகத் தொங்கியது. ஆக, ஒரு வாரமாகவே இது வெளியே குதித்துக்கொண்டிருக்கிறது, மனுஷன் கட்டிவைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

லிவரைத் திரும்ப உள்ளே தள்ளி, வண்டியை முதல் கியரில் விட்டு எஞ்சினை அணைத்தார். ஹேண்ட் பிரேக்கை மேலே வரை இழுத்தார். சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். இறங்கிப்போய்ப் பின் சக்கரத்துக்கு ஒரு கல்லைக் காலால் தள்ளி வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் என்றால் மருத்துவர் இல்லை, மெக்கானிக். வண்டியின் வயிற்றில் ஒரு ஸ்குரூ டிரைவரை வைத்து அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்பார், அதனால் ஊரே வைத்த பெயர். போனை ஸ்பீக்கரில் போட்டு டேஷ்போர்டில் சாய்த்துவைத்தார் இவர்.

"சத்தம் எப்ப வருது? ரெண்டு வீல்ல போகும்போதா, நாலு வீல்லயா?"

"நாலுல போட்டாத்தான். மேடு ஏறும்போது."

"கத்துதா, அரைக்குதா?"

"முதல்ல ஊளையிடுது. அப்புறம் அரைச்சிட்டு லிவர் வெளிய வந்துடுது."

"அப்ப கியர் பெட்டி இல்ல. அதுக்குப் பின்னால இருக்குல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸ், அதுதான். ஒண்ணு லிவருக்குப் போற கம்பி லூசாகி முழுசா உள்ள தள்ளாம இருக்கும். அது சின்ன வேலை. இல்லேன்னா உள்ள கியர் பல்லே தேஞ்சிருக்கும். கீழ போய் ஆயில்ல விரலை விட்டுப் பாரு, பல்லு தேஞ்சிருந்தா இரும்புப் பொடி மின்னும். அப்புறம் யாரையாவது லிவரை ஆட்டச் சொல்லிட்டு கம்பியைக் கவனி. சமதரையிலதானே நிக்கிறீங்க?"

"ஆமா ஆமா."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். முன்கண்ணாடியில் ரோடு எங்களுக்கு மேலே ஏறிப் பனிக்குள் போயிற்று. பின்னால் நாங்கள் சுற்றி வந்த வளைவு, அதன் ஓரத்தில் சுவரும் இல்லை ஒன்றும் இல்லை. இதுவா சமதரை?

என்னை டிரைவர் சீட்டுக்கு மாறி உட்காரச் சொன்னார். "நான் சொல்றப்ப சின்ன லிவரைப் பின்னால இழுக்கணும், முன்னால தள்ளணும். அவ்வளவுதான்."

"பிரேக்கை மிதிச்சுக்கட்டுமா?"

"ஒண்ணையும் மிதிக்காத தாயே. பதட்டத்துல நீ எதையாவது மிதிச்சு வச்சிருவே. கியர்ல இருக்கு, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கு, கல்லு இருக்கு. காலை மடக்கி உக்காந்துக்க."

எனக்குக் கோபம் வந்தது. வந்தாலும் சொன்னபடியே காலை மடக்கித்தான் உட்கார்ந்தேன். அவர் இடது பக்கமாக, முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் பின்னால் படுத்து உள்ளே நகர்ந்தார். இடுப்புக்குக் கீழே வெளியில்தான் கிடக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனால் பார்க்க முடியவில்லை. அந்தப் பக்கத்துக் கண்ணாடி அவர் உயரத்துக்குத் திருப்பிவைத்தது. என் உயரத்துக்கு அதில் வானம்தான் தெரிந்தது. கீழே ஸ்பேனர் உரசும் சத்தம் கேட்டது. "ஆயில் கொஞ்சம்தான் இருக்கு. இந்த இருட்டுல நிறம் தெரியல, வெளிய வந்து பாக்கறேன்" என்றார். பிறகு, "ம்... இப்ப லிவரை இழு."

இழுத்தேன். இறுக்கமாக இருந்தது, சட்டென்று இளகிக்கொண்டு வந்தது.

வண்டி நகர்ந்தது.

முதலில் அது எனக்குப் புரியவே இல்லை. வெளியே புல்தான் முன்னால் போகிறது என்று தோன்றியது. கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நான் எதையும் யோசித்ததாக நினைவில்லை. மடக்கிய கால் தானே இறங்கி நடுப் பெடலை ஓங்கி மிதித்தது. ஆயிரம் வளைவுகளில் வெறும் தகரத்தை மிதித்த அதே கால். வண்டி ஒரு முழம் போயிருக்கும், குலுங்கி நின்றது. பின் சீட்டிலிருந்து ஒரு மூட்டை சரிந்து விழுந்தது.

"ஏங்க!"

கீழேயிருந்து பதில் இல்லை.

"ஏங்க! என்னாச்சு? பேசுங்க!"

காற்று மட்டும் வண்டியின் தார்ப்பாயை அடித்தது. இறங்கி ஓடிப் பார்க்க வேண்டும். ஆனால் கால் பெடலில் இருந்தது. காலை எடுத்தால் வண்டி போகும், எடுக்காவிட்டால் அவர் எப்படிக் கிடக்கிறார் என்று தெரியாது. ஈரக்குலை நடுங்குகிறது என்று எவ்வளவு தடவை சும்மா சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது உண்மையிலேயே நடுங்கியது. அவர் நசுங்கிவிட்டார் என்றே நினைத்தேன். வெளியில் சொல்லவில்லையே தவிர, மனசுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"ஹலோ? என்னம்மா சத்தம் அது?" போனில் டாக்டர்.

அழுகையும் பேச்சுமாகச் சொன்னேன். லிவரை இழுத்தது, வண்டி உருண்டது, இவர் பேசாதது.

"சமதரைன்னு சொன்னானே படுபாவி!" என்று கத்தினார். அப்புறம் அவர் குரல் மாறிவிட்டது. "தங்கச்சி, நல்லாக் கேளு. கியரும் அந்தப் பெட்டி வழியாத்தான் சக்கரத்துக்குப் போகுது. ஹேண்ட் பிரேக்கும் அந்தப் பெட்டி வாலுலதான் இருக்கு, அதுல ஆயில் ஒழுகி ஊறிப்போயிருக்கும், பிடிக்காது. நீ லிவரை நடுவுல கொண்டுவந்ததும் கியரும் விட்டுப்போச்சு. இப்ப சக்கரத்தை நேராப் பிடிச்சிட்டிருக்கறது உன் கால் ஒண்ணுதான். என்ன ஆனாலும் எடுக்காத. இறங்கிடாத."

இறங்கிவிடலாம் என்ற எண்ணம் அதுவரை எனக்கு வரவில்லை. டாக்டர் சொன்ன பிறகுதான் வந்தது. கதவு என் முழங்கைப் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று ரோட்டைப் பார்த்தேன்.

தொடை ஆட ஆரம்பித்தது. பெடல் மெல்ல மெல்லக் கீழே போகிற மாதிரி இருந்தது. நிஜமாகவே போகிறதா, என் பயமா? இடது காலையும் தூக்கி வலது கால்மேல் வைத்து அழுத்தினேன்.

"லிவரைத் திரும்ப முன்னால தள்ளு."

தள்ளினேன். நற என்று பல்லைக் கடித்தது, உள்ளே போகவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். ஊஹூம்.

"பல்லுக்குப் பல்லு நேரா நிக்கல. பிரேக்கை ஒரே ஒரு நூல் விடு. வண்டி லேசா அசையும், அசையும்போது தள்ளு, விழுந்துடும். அப்புறம் கியர் பிடிச்சுக்கும்."

"அவர் கீழ எப்படிக் கிடக்கிறார்னே தெரியலையேண்ணே!"

"தெரியாதும்மா. ஆனா உன் கால் எவ்வளவு நேரம் தாங்கும்?"

ஒரு நூல். பட்டன் ஓட்டை தைக்கும்போது மெஷினை ஒரே ஒரு தையலுக்கு மட்டும் மிதித்து நிறுத்துவேன். ஊசி ஒருமுறை இறங்கி ஏறும், அவ்வளவுதான். அந்தக் கால்தானே இது, முடியும் என்று தோன்றியது. முடியும் என்று தோன்றியதே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "ஏங்க, பிரேக்கை லேசா விடப்போறேன். கேக்குதா?" என்றேன்.

"விடாத."

கீழேயிருந்து அவர்தான், சாப்பாடு போதும் என்று சொல்கிற குரல். அவ்வளவு சாதாரணம். உயிர் போய் உயிர் வந்தது எனக்கு.

"கொஞ்சம் இரு" என்றார்.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது. துணி கிழிகிற சத்தம். கெட்டித் துணி, நான் தைத்த காக்கி பேன்ட். சர் என்று கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது. மறுபடி இழுத்தார், மறுபடி அதே இடத்தில் நின்றது. சக்கரம் எங்கே நிற்கிறது என்பது எனக்கு அப்போது கண்ணால் பார்த்தது போலத் தெரிந்துவிட்டது. பேன்டின் கால் மடிப்பின்மேல் ஏறி நிற்கிறது. கணுக்காலைச் சுற்றித் துணி இறுகியிருக்கிறது. நான் ஒரு நூல் விட்டிருந்தால்...

அதற்குமேல் நினைக்கவில்லை. "வெளிப்பக்கம் கிழிக்காதீங்க!" என்று கத்தினேன். "அது ரெட்டைத் தையல், உயிரே போனாலும் பிரியாது. உள்பக்கம் பாருங்க. உள்தையல் ஓரமா மடிப்புல நான் மெஷின் போடல, கையாலதான் ஓட்டிவிட்டேன். ஸ்பேனர் நுனியை விட்டு நெம்புங்க!"

போன மாதம் மடிப்பை இறக்கித் தரச் சொல்லிக் கொடுத்தது அது. ஊராருக்கெல்லாம் மெஷின் தையல், கட்டின புருஷனுக்குக் கைத்தையலா என்று இரண்டு நாள் குத்திக்காட்டினார்.

பட், பட், பட் என்று நூல் தெறித்தது. ஒவ்வொன்றும் கேட்டது. கடைசியில் நீளமாக ஒரு கிழிசல். அப்புறம் தரையில் முதுகு தேயும் சத்தம்.

முன்கண்ணாடிக்கு வெளியே அவர் தலை எழுந்தது. நெற்றியெல்லாம் கறுப்பு. ஒரு கால் முழங்கால் வரை வெறுமையாக இருந்தது, செருப்பும் இல்லை. என்னைப் பார்க்கவே இல்லை. நொண்டிக்கொண்டு ஓடி, கிடைத்த கல்லையெல்லாம் தூக்கிவந்து சக்கரங்களுக்குப் பின்னால் அடுக்கினார். கடைசிக் கல்லைக் காலால் உதைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தார்.

"போதும். காலை எடு."

எடுக்க முடியவில்லை. எடு எடு என்று நானும்தான் சொல்கிறேன், அது கேட்கவில்லை.

"அவ்வளவு நேரம் கூப்பிட்டேனே, ஏன் ஒரு வார்த்தை பேசல?"

"நான் கத்தினா நீ பயந்துபோய்க் காலை எடுத்துடுவேன்னு நினைச்சேன்" என்றார்.

அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. எடுத்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை.

அவர் கீழே குந்தி உட்கார்ந்து என் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்தார். முளையைப் பிடுங்குவது போல மெல்ல ஆட்டி ஆட்டி என் காலைப் பெடலிலிருந்து தூக்கினார். வண்டி கல்மேல் லேசாகச் சாய்ந்து முனகியது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடாமல் இருந்தோம். அது நின்றது.

"ஹலோ! யாராவது பேசுங்கப்பா! ஹலோ!" டேஷ்போர்டிலிருந்து டாக்டர்.

"இருக்கேன்" என்றார் இவர்.

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு. பிறகு டாக்டர் கேட்டார், "ஆயில் என்ன நிறத்துல இருக்கு? பாத்தியா?"

இவர் தன் கையைப் பார்த்தார். உடனே அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். என்னிடம் மறைக்கிறாராம்! என் கணுக்காலில் அவருடைய விரல்கள் எல்லாம் ஆயில் கறையாகப் பதிந்திருந்தன. கணுக்காலை வெளிச்சம் விழும் பக்கம் திருப்பினேன். கறுப்புக்குள்ளே பொடிப்பொடியாக மின்னியது.

"வெள்ளியா இருக்குண்ணே" என்றேன். "நிறைய."

கீழே சக்கரத்துக்கு அடியில் காக்கித் துணியின் ஒரு முனை காற்றில் படபடத்தது. கதவுக்கு வெளியே தொங்கிய என் கால், தரையைத் தொடாமல், அந்தரத்தில் இன்னும் எதையோ மிதித்துக்கொண்டே இருந்தது.