பொருளடக்கத்தில் ஏழு முறை

1

இந்தக் கதையை நான் கட்டவில்லை. செங்கலடியில் பஹீமாவின் தட்டச்சுக் கடையில், என் சிறுகதைத் தொகுப்பை அச்செடுக்கக் காத்திருந்தபோது கண்ணால் கண்டது. தொகுப்பை அப்படியே போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

2

‘வாவியில் வெயில் தகதகத்த ஒரு பிற்பகலில்...’

(வெட்டிவிட்டேன். கடையிலிருந்து வாவி எங்கே தெரிகிறது? மருந்துக்கடைதான் தெரியும்.)

நேராகவே சொல்கிறேன். தக்ஷாயினி கம்பஸ் மாணவி. வட்டை என்று இங்கே சொல்லும் வயல்வெளிகளின் பெயர்களைப் பற்றிய அவளது ஆய்வேட்டை நான்கு மணிக்குள் ஒப்படைக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு. மணி இரண்டே கால். பொருளடக்கம்தான் பாக்கி.

அதற்குப் பஹீமா சொந்தமாக ஒரு மேக்ரோ, கணினி தானாகவே செய்து முடிக்கும் சிறு கட்டளைத் தொடர், எழுதி வைத்திருக்கிறாள். நம் பிள்ளைகள் எழுத்தைத் தடிப்பாக்கிவிட்டு அதுதான் தலைப்பு என்பார்கள். ஆகவே தடித்த வரி எதுவானாலும் மேக்ரோ பொறுக்கிப் பக்க எண்ணோடு அடுக்கிவிடும்.*

(* என் தொகுப்பில் என் பெயரையே பதினொரு இடத்தில் பொறுக்கியது. அதைப் பேச வேண்டாம்.)

3

பஹீமா திரையை வாசித்தாள்.

“‘இதை அப்பாவிடம் கேட்க வேண்டும்’, பக்கம் பன்னிரண்டு. இஞ்ச பாரு புள்ள, பத்தொன்பதிலயும் இரிக்கு. ஏழு இடத்துல இரிக்கே!”

தக்ஷாயினிக்கு முகம் சுருங்கியது. மறக்காமலிருக்கத் தனக்காகத் தடித்த எழுத்தில் எழுதிவைத்த குறிப்புகள். அப்பாவிடம் கேட்கவே இல்லை, அந்த இடங்களில் பந்திகள் பாதியில் நின்றன.

“அழிச்சிருங்க அக்கா.”

“வாப்பா இரிக்காரா?”

“இரிக்கார். ‘வட்டைப் பேர் எழுதுறதும் ஒரு படிப்பா’ எண்டார். ரெண்டு மாசமாக் கதைக்கல்ல.”

“என்ட அல்லாஹ்! வயல்காரன் மகள் வயலப் பத்தி எழுதுறாய், அவருக்கிட்ட ஒண்டும் கேக்கல்ல. மனிசனுக்கு ரோசம் வராதா? போனை எடு.”

4

அப்பா கனகசிங்கத்தை நான் பார்த்ததில்லை. முதல் பிரதியில் மீசை வைத்தேன்; பிறகு எடுத்துவிட்டேன்.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் ஏழு வரியையும் அழித்து, மூன்றரைக்கே ஒப்படைத்துவிடுகிறாள். (பிடிக்கவில்லை.) இன்னொன்றில் அப்பா, “ஏழுதானா?” என்று சிரிக்கிறார். (எனக்கே கண் கலங்கியது. ஆனால் பொய்.)

நடந்தது இதுதான். தக்ஷாயினி போனை எடுத்து அழைத்தாள்; மணி அடித்தது. “சொல்லு மகள்” என்றது ஒரு குரல். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“நீங்க எழும்பி வெளிய வாங்க சேர்” என்றாள் பஹீமா. “அவங்க கதைக்கட்டும்.”

தெருவில் நின்று கண்ணாடிக் கதவு வழியே பார்த்தோம். தக்ஷாயினி ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறு கையால் பேனாவைத் தேடினாள். உதடு அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை. மணி இரண்டரை, ஏழு கேள்வி. முதல் கேள்வியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு உள்ளே போக அனுமதி இல்லை.