ஓயாமல் போன் பேசியவரின் முழங்கை

வீட்டுத் தரகருக்கு வாடிக்கையாளர்தான் குறைவு, பந்தாவுக்குக் குறைவில்லை. கடையின் கண்ணாடிக் கதவில் ஆள் நிழல் தட்டினால் போதும், போன் காதுக்குப் போய்விடும். முழங்கை மேசையில் ஊன்றிக்கொள்ளும். மறுமுனையில் ஈ, காக்காய் இருக்காது. இருந்தாலும் நாலு பார்ட்டி போட்டி போடுவதாகத் தொண்டை வறளப் பேசுவார். சும்மா உட்கார்ந்திருப்பவனிடம் எவன் வீடு கேட்பான் என்பது அவர் கட்சி.

சில மாதங்களில் வலது கைச் சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போயின. மோதிரத்தின் மேல் பழியைப் போட்டு அதைக் கழற்றினார் மகாராஜா. விரலுக்குத் தைலம் தேய்த்தார். விரல்கள் மசியவில்லை. ஒருநாள் வீடு பார்க்க வந்த தம்பதி முன்னால் பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் திணறினார். அந்த அம்மாளே சாவியை வாங்கித் திறந்தாள். அன்றுதான் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. கதவு திறக்க முடியாத தரகரை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?

மனைவி டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் விரலைச் சீண்டவே இல்லை. முழங்கையின் உட்பக்க எலும்பை ஒட்டித் தட்டினார். சுண்டு விரல் வரை சுரீரென்றது. முழங்கையை இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்குமே, அந்த நரம்புதான் என்றார். கையை மடக்கியே வைத்தால் அது இழுபடும், மேசையில் ஊன்றினால் நசுங்கும். தூக்கத்திலும் கை மடங்காதபடி துண்டைச் சுற்றிக்கொள்ள வேண்டும். இப்படியே விட்டால் கைச் சதை வற்றிப் பிடிமானமே போய்விடும்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பேசுவீங்க?"

"நாள் பூரா சார்," என்றார் தரகர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"அப்ப ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்க."

தரகர் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

மனைவி விடுவாளா? மறுநாள் கடைக்கே வந்து எதிர் நாற்காலியில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள். கதவில் நிழல் விழுந்தது. பழக்க தோஷம், போன் காதுக்கு ஏறியது. அவள் வெடுக்கென்று பிடுங்கி ஸ்பீக்கர் பொத்தானைத் தேடினாள். திரையில் மணி மட்டும்தான் தெரிந்தது, அழைப்பு எதுவும் இல்லை. அவருக்குக் கூசிப்போயிற்று.

போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வாசலில் தயங்கி நின்றவரைக் கூப்பிட்டாள். "உள்ள வாங்க. இவர் சும்மாதான் இருக்கார்."

"அப்படியா?" என்றார் வந்தவர். "வீடு தேடுறப்ப பல தடவை வந்தேன் சார். எப்பவும் போன்லயே இருந்தீங்க. எதுக்குத் தொந்தரவுன்னு அடுத்த தெருத் தரகர்கிட்ட வாங்கிட்டேன். இன்னைக்கு அவர் கடை பூட்டியிருக்கு. எப்ப திறப்பார்னு உங்களுக்குத் தெரியுமா?"