ஒன்பது மணிக் காப்பியும் ஒரு முழப் பனியும்

"அந்தத் துண்டை எடுத்துடு," என்றார் எங்கள் ஆய்வகத்தின் மூத்தவர் ரெட்டோ. "இல்லன்னா நாளைக்கு வியன்னா மாநாட்டுல உன்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க."

ஃப்ளூரினா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய முனைவர் பட்டம் அதில்தான் இருந்தது. அண்டார்க்டிகாவின் அடியாழத்திலிருந்து துளைத்தெடுத்த பனி, அதில் சிறைப்பட்ட பழங்காலத்துக் காற்று. சிவப்புக் கோடு அந்தக் காலத்து வெப்பநிலை. நீலம், கரியமில வாயு. இரண்டும் லட்சக்கணக்கான வருடங்களாகச் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கியிருக்கின்றன.

ஒரே ஒரு முழத் துண்டில் மட்டும் சிவப்பு ஏற, நீலம் சறுக்கிக்கொண்டு இறங்கியது.

"எடுத்தா என்ன மிஞ்சும் ரெட்டோ? அந்தச் சூடேற்றம்தான் என் ஆய்வே!"

"வச்சா மட்டும்? 'கரியமிலம் குறையுது, உலகம் சூடாகுது, அப்ப உங்க கதை என்னாச்சு'ன்னு முதல் வரிசையிலயே ஒருத்தன் எழுந்திருப்பான்."

"எழுந்திருக்கட்டும். இந்தத் துண்டுதான் பொய் சொல்லுது. ரெண்டு முனையும் பக்கத்துத் துண்டுகளோட ஒட்டவே இல்ல. இப்பப் பாருங்க."

ஒரு சொடுக்கு. அந்தத் துண்டின் நீலக் கோடு முன்பின்னாகத் திரும்பியது. முனைகள் கச்சிதமாகப் பொருந்தின. நீலம் சிவப்போடு சேர்ந்து மளமளவென்று ஏறியது.

ரெட்டோ சிரித்தார். "உனக்குப் பிடிச்ச பக்கம் திருப்பிக்கிட்டா அதுக்குப் பேர் விஞ்ஞானமா? தோசைம்மா!"

"சரி, பனியையே கேட்டுடலாம்." அவள் என்னைப் பார்த்தாள். "சாவி எடு, பியட்."

எங்கள் பெர்ன் ஆய்வகத்தின் குளிர் அறை என் பொறுப்பு. கதவைத் திறந்தேன். மூச்சு மீசையில் உறைந்தது.

பனித்துண்டு துளைக்குழாயிலிருந்து வெளியே வந்ததுமே, மேல் பக்கம் எது என்று அதன்மேல் அம்பு வரைந்துவிடுவார்கள். பிறகு நீளவாக்கில் கீற்றுகளாக அறுப்போம். ஒன்று வெப்பநிலைக்கு, ஒன்று காற்றுக்கு. ஒன்றை யாரும் தொடாமல் அப்படியே சேமிப்பில் வைப்போம். காற்றுக்கான கீற்றை மட்டும் மேல்தோல் சீவியாக வேண்டும். சீவலோடு அம்பும் போய்விடும். அதனால் கத்தியைக் கீழே வைப்பதற்கு முன் புது அம்பு வரைந்தாக வேண்டும். எங்களுக்கு அது வேதம்.

காற்றுக் கீற்றில் அளந்தது போக விரல் தடிமனுக்கு, முழு நீளத்துக்கும் ஒரு சிம்பு மிச்சம் இருந்தது. ஃப்ளூரினா அதையும் சேமிப்புத் துண்டையும் விளக்குக்கு எதிரே பிடித்தாள். இரண்டு அம்புகளும் மேலே பார்த்தன.

சேமிப்புத் துண்டில் ஒரு சாம்பல் நிறத் தூசிப் பட்டை, உச்சிக்குப் பக்கத்தில். சிம்பில் அதே பட்டை, அடியில்.

சிம்பைத் தலைகீழாகத் திருப்பினாள். பட்டையோடு பட்டை சேர்ந்தது. ஒரு மயிரிழை விரிசல்கூட ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓடியது.

"போதுமா?" என்றாள்.

ரெட்டோ கிட்டே வந்து குனிந்தார். சிம்பின் மேலிருந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். குண்டு உடம்பும் பிளந்த வாலுமாக அம்பை மீன் போல வரைகிறவர் எங்கள் ஆய்வகத்தில் ஒருவர்தான்.

"ஒன்பது மணி..." என்று முனகினார்.

ஒன்பது மணிக் காப்பிக்கு மணி அடிப்பவர் அவர். பூகம்பமே வந்தாலும் அடிப்பார்.

"சீவிட்டு, கத்தியைப் போட்டுட்டு, மணி அடிக்க ஓடியிருக்கீங்க," என்றாள் ஃப்ளூரினா. "காப்பி குடிச்சுட்டு வந்து அம்பு போட்டிருக்கீங்க. உலகம் தலைகீழாயிடுச்சு."

"அப்ப காப்பியைப் பத்து மணிக்கு மாத்திடட்டுமா?"

"காப்பி மேல கை வைக்காதீங்க. அம்பைப் போட்டுட்டு மணி அடிங்க." சிம்பை என்னிடம் நீட்டினாள். "பியட், இதை நேரா வச்சு இன்னைக்கே அளந்துடலாம். ரயிலுக்கு நேரம் இருக்கு."

மாலையில் எண்கள் வந்தன. நீலம் ஏறியது.

பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பியவளை ரெட்டோ வாசலில் மறித்தார். "நாளைக்கு அந்தத் துண்டைப் பத்தி யாராவது கேட்டா என்ன சொல்லப் போற?"

"நடந்ததைச் சொல்லுவேன். தலைகீழா வச்சவர் யாருன்னு கேட்டா, முதல் வரிசையைக் கை காட்டுவேன். உங்களுக்கு அங்கதான் இடம் போட்டிருக்காங்க."