வேறொருவரின் அரை டாலர்

அக்டோபர் 12, புதன். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். அப்பா பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸைக் கேட்டார். ஐந்து மடங்கு லென்ஸை எடுத்துக் கொடுத்துவிட்டேன். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி கறுப்பாக இருக்கும் என்பது சமாதானம் ஆகாது. பக்கவாட்டில் எண் பொறித்திருக்கிறது.

மாலை வகுப்பு ஆசிரியை நாட்குறிப்பில் தினமும் பத்து வரியாவது எழுதச் சொல்லியிருந்தார். நோரீன் அதற்குள்ளேயே பேனாவை மூட வேண்டியதாயிற்று. முன்னறையிலிருந்து அப்பா மறுபடி கூப்பிட்டார்.

வாடகைக்கு எடுத்த கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். ஆக்சிஜன் இயந்திரம் கரகரத்துக்கொண்டிருந்தது. லைமா நகரத்தின் பாதிக் கடைகளுக்கு முப்பது வருஷம் ரொட்டி வண்டி ஓட்டிய ஹார்லன் ஸ்டெக்கர், போர்வைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் அடங்கும் தட்டையான கூடு. அதற்குள் ஓர் அரை டாலர் வெள்ளிக்காசு.

"நோரி, இங்க பாரு. பாவாடைக்குக் கீழ பாரு."

"பாத்துட்டேன்பா."

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலையே."

"அதான் சொல்றேன். ஒண்ணும் தெரியலைன்னா இது என்னோடது இல்ல."

காசில் ஒரு பெண் உதிக்கும் சூரியனை நோக்கி நடக்கிறாள். 1921, டென்வர் நாணயச்சாலையில் அடித்தது. ஒரு பாரில் ரொட்டிக்குக் கொடுத்த சில்லறையில் இளவயதில் அவருக்குக் கிடைத்தது. அவர் சேர்த்த வரிசையிலேயே முதலாவதாக வந்து சேர்ந்த காசு அது. அவருடைய காசில், அந்தப் பெண்ணின் பாவாடை விளிம்புக்குக் கீழே, தூண்டில் முள் மாதிரி வளைந்த ஒரு கீறல் உண்டு என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் முழு வரிசையையும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பி வைத்தார். காசைப் பார்த்துத் தரம் போட்டு, எண் கொடுத்து, லேபிள் வைத்து, யாரும் கை படாதபடி கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்து அனுப்புகிற நிறுவனம். மற்றதெல்லாம் ஒழுங்காக வந்தது. இந்த ஒன்றோடு மட்டும் ஒரு தலைமுடியையும் சேர்த்து அடைத்திருந்தார்கள். எவர் தலையிலிருந்து விழுந்ததோ, அந்தப் பெண்ணின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. திருப்பி அனுப்பினார். ஆறு வாரம் கழித்துப் புதுக் கூட்டில் வந்தது. முடி இல்லை. எல்லோருக்கும் திருப்தி, அவரைத் தவிர. அன்றிலிருந்து நிறுவனத்துக்கு அவர் எழுதியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

டொலீடோவிலிருந்து வந்திருந்த அண்ணன் வெய்ன் கட்டிலின் கால்மாட்டில் சாய்ந்து நின்றான். "லேபிள்ல உங்க நம்பர்தான இருக்கு? அதே வருஷம், அதே ஊரு. லேபிள் பொய் சொல்லுமா?"

"லேபிளை வெச்சவன் முடியையே பாக்கலடா."

"அந்த முடிக்கும் சேத்துத் தரம் போட்டிருப்பாங்க. நல்லா இருக்கு, லேசாத் தேய்ஞ்சிருக்குன்னு."

அப்பா சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

சமையலறை வாசலில் அம்மா மேவிஸ், நோரீனின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "மருந்துல பேசுறாரு. ஆமான்னு சொல்லிட்டுப் போயேன். எத்தனை தடவை இதையே சொல்லிட்டிருப்பாரு?"

நோரீன் கட்டிலருகே திரும்பிப் போனாள். லென்ஸை வைத்து இன்னொரு முறை பார்த்தாள். தேய்ந்த காசு, பிளாஸ்டிக்கில் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கண் கூசியது. கீறல் அங்கேயே இருந்து தனக்குத்தான் தெரியவில்லையோ என்று தோன்றியது. எதையும் இரண்டு முறை சரிபார்த்தும் நிச்சயம் வராத சுபாவம் அவளுக்கு.

"உங்களோடதுதான்பா. நல்லாப் பாத்துட்டேன்."

அப்பா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கூட்டைக் கவிழ்த்துப் போர்வைமேல் வைத்தார்.

"எவனோ ஒருத்தன் இதைத் தேடிட்டிருப்பான்," என்றார், ஜன்னலைப் பார்த்து.

அதற்குப் பிறகு அவர் தண்ணீர் மட்டும் கேட்டார். பொழுது சாய்வதற்குள், வெய்ன் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு வருவதற்குள், மூச்சு நின்றுவிட்டது. அம்மா இயந்திரத்தை அணைத்தாள். வீடு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது அம்மாவுக்கும் நோரீனுக்கும் மறந்து போயிருந்தது.

மறுநாள் வெய்ன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து தேவாலயத்தில் பேசுவதற்கு எழுதிக்கொண்டிருந்தான். நோரீன் கறுப்புக் காலுறையில் துளை இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைக் கேளு," என்றான். "'எங்கப்பா நாப்பது வருஷம் காசு சேத்தாரு. கடைசி நாள்ல அவரு காசே அவருக்கு அடையாளம் தெரியல. இது வேற எவனோடதோன்னு சண்டை போட்டுட்டுத்தான் போனாரு.' எப்படி?"

"அதைச் சொல்லாத வெய்ன்."

"ஏன்? ஜனங்க ஒரு தடவையாவது சிரிக்கணும்ல? அவருக்கே பிடிக்கும்."

"பிடிக்காது."

"உனக்குப் பிடிக்கல. அதைச் சொல்லு."

அம்மா பாத்திரத்தைத் துடைத்தபடியே, "சொல்லட்டும் விடு. பாவம், கடைசில புத்தி நிலையாவே இல்ல. ரொட்டி ரூட்டுல இருந்த அத்தனை பேரும் வருவாங்க. அவங்களுக்கும் தெரிஞ்சதுதான், அவரோட காசுப் பைத்தியம்," என்றாள்.

சனிக்கிழமை தேவாலயத்தில் அத்தனை பேர் முன்னாலும் இது சொல்லப்படும். அதற்குப் பிறகு அந்த ஊரில் அப்பா என்றால் இந்தக் கதைதான். நோரீன் காலுறையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, உடுப்பு எடுக்கப் போவதாகச் சொல்லித் தன் வீட்டுக்கு வண்டியை ஓட்டினாள். கூட்டையும், இந்த முறை எண்ணைப் படித்துப் பார்த்துப் பத்து மடங்கு லென்ஸையும் எடுத்துக்கொண்டாள்.

காசுகளை அனுப்புவதற்கு முன்னால் அப்பா சொல்லி அவள்தான் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து வைத்திருந்தாள். கணினியில் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். பாவாடை விளிம்புக்குக் கீழே, தூண்டில் முள். சின்னதுதான், ஆனால் தெளிவாக வளைந்து நின்றது. லென்ஸைக் கூட்டின்மேல் வைத்தாள். அந்த இடம் மொழுமொழுவென்றிருந்தது. வேறு காசின் படத்தைத் திறந்துவிட்டோமோ என்று கோப்பின் பெயரைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள். மறுபடி லென்ஸ். திருப்பிப் பிடித்தாள். கழுகு இருந்த பக்கத்தில், அதன் காலருகே பச்சையாக ஒரு கறை. ஸ்கேனில் கறையே இல்லை.

நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்தாள். இசை, பிறகு இசை, பிறகு கைல் என்ற பையன்.

"கணக்கு ஹார்லன் ஸ்டெக்கர் பேர்ல இருக்கு மேடம். அவர்கிட்டதான் நாங்க பேச முடியும்."

"அவர் நேத்து இறந்துட்டார்."

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். அப்போ அவர் கணக்குல பதிஞ்சிருக்கிற மின்னஞ்சல்லேர்ந்து ஒரு வரி அனுப்பச் சொல்லிடுங்க, போதும்."

"யாரை அனுப்பச் சொல்ல?"

"கணக்கு வெச்சிருக்கிறவரை."

நோரீன் கண்ணை மூடித் திறந்தாள். "தம்பி, கூட்டுக்குள்ள இருக்கிறது வேற காசு. என்கிட்ட ஸ்கேன் இருக்கு."

"அப்படி ஆக வாய்ப்பில்ல மேடம். ஒவ்வொரு கூடும் மூணு பேர் பாத்துத்தான் வெளிய போகுது. அதுதான் எங்க தரக் கட்டுப்பாடு."

"முடி உள்ள இருந்தப்பவும் மூணு பேர் பாத்தாங்களா?"

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் ஒலி கேட்டது.

"அது வேற புகார் எண், மேடம்."

கூட்டை அனுப்பினால் பரிசீலிப்பார்கள், எட்டு வாரம் ஆகலாம் என்றான். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டான். அவள் ரிசீவரை வைத்துவிட்டு, அதன்மேல் இன்னொரு முறை கையை வைத்து அழுத்தினாள், உடைந்துவிடுகிற மாதிரி.

காசு சேர்ப்பவர்கள் இணையத்தில் கூடிப் பேசுகிற இடம் ஒன்று உண்டு. அப்பா இரண்டு விரலால் தட்டித் தட்டி அங்கே சண்டை போடுவார். நோரீன் இரண்டு காசுகளின் இரண்டு பக்கங்களையும் படமாக ஏற்றி, எது அப்பாவின் காசு, எது வந்து சேர்ந்த காசு என்று எழுதினாள். தொலைபேசி எண்ணைப் போடுவதா வேண்டாமா என்று யோசித்து, போட்டு, எடுத்து, மறுபடி போட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை அடக்க மண்டபத்தில் ஊரார் வந்து முகம் பார்ப்பதாக ஏற்பாடு. மத்தியானத்துக்குள் அம்மா வீட்டுச் சமையலறை மேஜை முழுக்க அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த உருளைக்கிழங்குத் தட்டுகள், பன்றித்தொடை, மூன்று ஒரேமாதிரி பழக் கேக்குகள். தொலைபேசி அடித்தது. நோரீனைக் கேட்டார்கள். அவள் எண்ணுக்கு அடித்தவருக்குப் பதிவுக்குரல் இந்த வீட்டு எண்ணைச் சொல்லியிருக்கிறது.

"மினசோட்டாலேர்ந்து பேசறேன். ஆல்டன் பிராண்ட்வோல்ட். பள்ளிக்கூட பஸ் ஓட்டுறேன். நீங்க போட்ட படம் பாத்தேன்," என்றது ஒரு கிழட்டுக் குரல். "கழுகுக் கால்கிட்ட பச்சையா இருக்குல்ல? அது என்னோடது. எங்க வீட்டுக்காரி பித்தளைக் கிண்ணத்துல ஈரத்தோட போட்டு வெச்சா. அதுக்காக ஒரு வாரம் அவகூடப் பேசாம இருந்தேன்."

நோரீன் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "உங்ககிட்ட இருக்கிறதுல…"

"தூண்டில் முள்ளு. ரெண்டு மாசமாக் கத்துறேன், இது என்னோடது இல்லைன்னு. மூணு பேர் பாத்தோம்கிறானுங்க. மூணு குருடன் பாத்தா என்ன, முப்பது குருடன் பாத்தா என்ன? என் மகன் என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்கிறான். உங்கப்பாகிட்டக் குடுங்க ஃபோனை. நாங்க ரெண்டு பேரும் சேந்து திட்டினா மனசாவது ஆறும்."

"அவர் புதன்கிழமை போயிட்டார்."

அந்தப் பக்கம் எதையோ மேஜைமேல் வைக்கும் ஓசை கேட்டது.

"அவருக்குத் தெரியுமா?" என்றார் பிறகு. "காசு மாறினது?"

"தெரியும்."

வெய்ன் கேக்கை வெட்டுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ரிசீவரை அவனிடம் நீட்டினாள். "நீயே கேளு."

அவன் கேட்டான். "ஆமாங்க." "அவர் மகன்." "ஆமாங்க, தூண்டில் முள்ளுதான்னு சொன்னாரு." அதற்கப்புறம் வெறும் "ம்". கடைசியில் காகிதம் தேடி, பேசுவதற்காக எழுதி வைத்திருந்த தாளின் பின்பக்கத்திலேயே முகவரியைக் குறித்துக்கொண்டான்.

"கூட்டைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டாம்கிறாரு," என்றான், தொலைபேசியை வைத்துவிட்டு. "இன்னொரு தடவை அவங்க கையில போனா யார் வீட்டுக்குப் போய்ச் சேருமோங்கிறாரு. ஒடச்சு, காசை மட்டும் அனுப்பச் சொல்றாரு. அவரும் அப்படியே அனுப்புறாராம்."

"ஒடச்சா தரம், நம்பர் எல்லாம் போயிடும்."

"நம்பரை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

கார் கொட்டகை மேஜையின் ஓரத்தில், சாமானை இறுக்கிப் பிடிக்கும் அப்பாவின் திருகு இடுக்கி பொருத்தியிருந்தது. கூட்டின் ஒரு மூலையை அதில் கொடுத்து, மேலே துண்டைப் போட்டு, வெய்ன் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான். பிளாஸ்டிக் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் கழுத்து நரம்பு புடைத்தது. "முடியை உள்ள விடத் தெரியுது, காசை மட்டும் வெளிய விட மாட்டேங்குது," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. படீரென்று ஒரு சத்தம். துண்டை விலக்கினார்கள். வெள்ளைத் துகள்களுக்கு நடுவே காசு கிடந்தது, கூட்டுக்குள் இருந்ததைவிடச் சின்னதாக.

வெய்ன் அதைத் தொடாமல் நின்றான். "நாளைக்கு நான் என்ன சொல்றது?"

"அவர் சொன்னது சரின்னு சொல்லு."

"அப்போ நாம என்ன சொன்னோம்னு கேப்பாங்களே."

நோரீன் லேபிளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தாள். எழுத்தில் ஒரு பிழையும் இல்லை.

சத்தம் கேட்டு அம்மா கொட்டகை வாசலில் வந்து நின்றாள். அடக்க மண்டபத்துக்குப் போகக் கறுப்பு உடுத்தி, அதன்மேல் ஏப்ரன் கட்டியிருந்தாள். "என்னத்தை ஒடச்சீங்க? யாரோடது அது?"

"மினசோட்டாக்காரர் ஒருத்தரோடது," என்றான் வெய்ன். "அப்பாவோடது அவர்கிட்ட இருக்கு. அப்பா சொன்ன மாதிரியே."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மேஜைக்கு வந்து காசை எடுத்தாள். பிளாஸ்டிக் தூள் ஒட்டியிருந்தது. ஏப்ரன் நுனியைப் பிடித்து அதைத் தேய்க்கப் போனாள்.

"துடைக்காதீங்கம்மா," என்றாள் நோரீன். "தேய்ச்சா கீறல் விழும். விளிம்புல பிடிங்க."

அம்மாவின் கை அப்படியே நின்றது. காசின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பினாள். தூளை வாயால் ஊதினாள். இன்னொரு முறை ஊதினாள். காசைத் திருப்பிக் கொடுக்காமல், அப்படியே பிடித்துக்கொண்டு, அங்கிருந்த கவிழ்த்த ரொட்டிக் கூடையின்மேல் உட்கார்ந்தாள். அவர்களோடு மண்டபத்துக்குப் போகிறவர்களின் முதல் கார் வெளியே வந்து நிற்கும் ஓசை கேட்டது. யாரும் வெளியே போகவில்லை.

அக்டோபர் 14, வெள்ளி. நாளைக்குத் தபால் நிலையம் ஒன்பது மணிக்குத் திறக்கும். காசை அட்டையில் வைத்து, பஞ்சு சுற்றி, பதிவுத் தபாலில் மினசோட்டாவுக்கு அனுப்ப வேண்டும். முகவரியை வெய்னிடம் கேட்டு இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். அதற்கப்புறம் தேவாலயம்.