ஒரே ஒரு போனுக்கு வரும் விளம்பரம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், மருந்துக் கடை மாடியில், இரண்டு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு இணையப் பக்கங்கள் வடிவமைக்கிற சத்யப்ரியா என்ற பெண் தன் திரையைத் திருப்பி ஒரு படம் காட்டினாள். அதிலிருந்து வந்தது.

படத்தில் ஒரு பெண் நின்றாள். அரக்குப் பட்டுப்புடவை. அவளுடைய இடது மணிக்கட்டில் மட்டும் நெருப்புப் பிடித்தாற்போல் ஒரு சிவப்பு.

வாரப் பத்திரிகைகளில் தொடர் எழுதியே முப்பது வருடம் ஓட்டியவன் நான். சிவப்பைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? அன்றே மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

தொடக்கம் ஒன்று: "திரையில் ரத்தம் கசிந்தது. சத்யப்ரியா வீலென்று—" (அவள் அலறவில்லை. முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.)

தொடக்கம் இரண்டு: "காஞ்சிபுரம். கோபுரங்களின் நகரம். அங்கே ஒரு மணிக்கட்டு—" (கோபுரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடித்துவிட்டேன்.)

தொடக்கம் மூன்று: "கலாவதி இறந்து நாற்பத்தோராம் நாள்—"

இது உண்மை. ஆனால் அந்த உண்மையின் கனம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் தொடங்கினால் உங்களை ஏமாற்றியதாகும்.

2

பத்திரிகைகள் இளைத்தபின் எனக்கு எழுத வேலை கொடுத்தவள் சத்யப்ரியா. வேணுகோபால் என்பவருடைய பட்டுக்கடைக்கு ஒரு விளம்பரப் பக்கம்.

"இப்பல்லாம் சும்மா போட்டோ போட்டா யாரும் நிக்க மாட்டாங்க சார். தள்ளிக்கினே பூடுவாங்க. விரல் வச்சா பக்கம் பதில் பேசணும்" என்றாள்.

அப்படியே செய்தாள். விரலால் மேலே தள்ளத் தள்ளப் புடவை மடிப்பு மடிப்பாக விரியும். பார்டரில் விரலை வைத்தால் புடவை கட்டி நிற்கிற பெண் திரும்பிப் பார்த்துப் பேசுவாள். மாடல் பெண்கள் வேண்டாம், நிஜ மனிதர்கள்தான் இப்போதைய மோஸ்தர் என்று அந்தக் கடையிலேயே பதினெட்டு வருடமாகப் புடவை எடுத்துப்போடுகிற கலாவதியை நிற்க வைத்தாள். பேச வேண்டிய பதினோரு வரிகளும் நான் எழுதியவை.

முதல் வரியிலேயே கலாவதி என்னை மடக்கினாள்.

"என்னா சார் இது, 'தங்கள் வருகையால் இந்தப் பட்டும் பூக்கிறது'ன்னு? இப்டிப் பேசினா கஸ்டமர் செருப்பக்கூட மாட்டாம ஓடிடுவாங்க."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"வாங்க, அவசரமில்ல, உக்காந்து பாருங்க. அவ்ளோதான்."

அதையே வைத்துக்கொண்டோம். மற்ற பத்தையும் எனக்காகப் பொறுத்துக்கொண்டு பேசினாள். பொங்கலுக்குப் பக்கம் வெளியானது. பங்குனியில் அவளுக்குக் காய்ச்சல். மஞ்சள் காமாலை என்று நினைத்தது வேறு ஏதோவாக முடிந்தது. ஒன்பது நாள்.

(இந்தப் பத்தியை விரித்து எழுதச் சொல்லி என் பழைய ஆசிரியர்கள் கேட்டிருப்பார்கள். ஆஸ்பத்திரி, கண்ணாடிக் கதவு, கடைசி வார்த்தை. நான் அங்கே இல்லை. ஒன்பது நாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.)

3

இப்போது அந்தச் சிவப்பு.

பக்கத்தைப் பார்க்கிறவர்கள் எங்கெங்கே விரல் வைக்கிறார்கள் என்பதை ஒரு படமாக எடுத்துக்கொள்ளலாமாம். அதிகம் தொட்ட இடம் சிவக்கும். பார்டர் சிவந்திருக்க வேண்டும். முந்தானை சிவந்திருக்க வேண்டும். மணிக்கட்டில் விற்பதற்கு எதுவும் இல்லை. ஒரு வளையல்கூட இல்லை.

"எல்லாம் ஒரே போன் சார்" என்றாள் சத்யப்ரியா. "ஒரு நாளைக்கு அம்பது அறுபது தடவ வருது. ஒவ்வொரு தடவையும் விளம்பரத்தத் தட்டித்தான் உள்ள வருது. எதுவும் வாங்கல. மனுசன் இப்டிப் பண்ண மாட்டான். மெஷினா இருக்கும்."

"எதிரிக் கடைக்காரன் வேலை" என்றேன் நான்.

எனக்குள் தொடர் ஓடத் தொடங்கிவிட்டது. போட்டி வியாபாரி, ரகசிய அறை, தட்டிக்கொண்டே இருக்கும் விரல். அவனுக்கு மீசைகூட வைத்துவிட்டேன்.

"அடைச்சு விடும்மா" என்று சொன்னது நான்தான். அந்தப் போனில் இனி அந்தப் பக்கமும் திறக்காது, விளம்பரமும் வராது என்று அடைத்தாள். ஒரே தட்டு. மிச்ச முறுக்கை எனக்குக் கொடுத்தாள்.

4

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஒருவர் மாடி ஏறி வந்தார். காக்கிச் சட்டை, தோளில் தோல்பை. டவுன் பஸ் கண்டக்டர். திருப்புட்குழி ட்ரிப் முடித்து நேராக வந்திருந்தார்.

"அந்தப் பட்டுக்கடை பக்கம் நீதான் பண்ணியாம்மா? கடையில சொன்னாங்க."

"ஆமாண்ணா. உக்காருங்க."

"இருக்கட்டும். அது தெறக்கவே மாட்டேங்குதும்மா. ரெண்டு ரிப்பேர் கடையில குடுத்துப் பாத்துட்டேன். ஒருத்தன் டிஸ்ப்ளே போச்சுன்றான். இன்னொருத்தன் போனையே தூக்கிப் போடுன்றான்."

"என்ன புடவை பாக்கணும் உங்களுக்கு?"

"புடவ இல்லம்மா. அதுல நிக்கிறது என் வீட்டுக்காரி."

(வாரப் பத்திரிகையாக இருந்தால் இந்த வரியோடு நிறுத்தி உங்களை ஏழு நாள் தவிக்கவிட்டிருப்பேன். எனக்கே இப்போது அந்தத் தெம்பு இல்லை.)

பெயர் சிவபாலன். சத்யப்ரியா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்: "எப்பவும் அவங்க கையவே ஏண்ணா தொடுறீங்க?"

அவர் திடுக்கிட்டார். "அது உனக்கு எப்டிம்மா தெரியும்?"

அவள் பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார்.

"அங்க ஒரு தழும்பு இருக்கும். இட்லிக் குண்டான் மூடி சுட்டது, கல்யாணமான புதுசுல. படத்துல காணல. கண்ணாடியில அழுக்கோன்னு தொடச்சுத் தொடச்சுப் பாப்பேன்."

"நான்தாண்ணா அழிச்சேன். படம் சுத்தமா இருக்கட்டும்னு..."

"நல்லாத்தான் இருக்குது" என்றார். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் எழுத வசதியாக இருந்திருக்கும்.

5

பிறகு அவர் சொன்னதை மாற்றாமல் தருகிறேன்.

"காரியம் முடிஞ்ச மறுநா ஒரே ஒரு தடவ கடைப் பேரச் சொல்லித் தேடினேன். அதுக்கப்பறம் நான் தேடலம்மா. அவளா வந்தா. ஸ்கோர் பாக்கசொல்ல வருவா. டிப்போவுல டீ குடிச்சிக்கினு மழை வருமான்னு பாப்பேன், மழைக்குப் பக்கத்துல நிப்பா. பொண்ணுக்கு ஆவணில கல்யாணம் வச்சிருக்குது, வருசத்துக்குள்ள முடிச்சிடணும்னு. அதான் கூப்புடறதுக்கு முன்னாடியே வந்துட்டான்னு நெனச்சேன். மூணு நாளா வரல. எதுனா தப்புப் பண்ணிட்டனா?"

இங்கே இரண்டு குறிப்புகள் தேவை.

* பூவாடைக்காரி: எங்கள் பக்கத்தில் வீட்டில் கல்யாணம் என்றால், அந்தக் குடும்பத்தில் பூவும் பொட்டுமாக இறந்துபோன பெண்ணை முதலில் அழைப்பார்கள். குளக்கரைக்குப் போய், பம்பை அடித்து, புதுப்புடவையும் பூவும் மஞ்சளும் தட்டில் வைத்து, "வந்துட்டியா?" என்று கேட்பார்கள். அவள் வந்தபிறகுதான் பந்தல்கால்.

* துரத்தும் விளம்பரம்: ஒருமுறை ஒரு கடையின் பக்கத்தை எட்டிப் பார்த்தால் போதும். அந்தக் கடை நீங்கள் போகிற பக்கமெல்லாம் பின்னாலேயே வரும். ஆசைப்படுகிறார், வாங்கிவிடுவார் என்று கணக்கு. அவர் எவ்வளவு நேரம் பார்க்கிறாரோ அவ்வளவு அதிகமாக வரும்.

இரண்டையும் அடுத்தடுத்து எழுதியபிறகுதான் சிவபாலன் செய்த தவறு எனக்கு முழுதாகப் புரிந்தது. இந்த ஊர்க்காரர் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

"வீடியோவ உங்க போன்லயே போட்டுத் தரேண்ணா. நெட்டே வேணாம். எப்ப வேணா எடுத்துப் பாத்துக்கலாம்" என்றாள் சத்யப்ரியா.

"நானா எடுத்துப் பாத்தா அது போட்டோம்மா. அவளா வர்றதுதான்..."

முடிக்கவில்லை. அந்த வாக்கியத்தை நான் நான்கு விதமாக முடித்துப் பார்த்தேன். நான்கும் மோசம். அப்படியே விட்டிருக்கிறேன்.

சத்யப்ரியா அடைப்பை எடுத்தாள். அவர் உள்ளங்கையில் கலாவதி வந்து திரும்பிப் பார்த்தாள். "வாங்க, அவசரமில்ல, உக்காந்து பாருங்க."

அதுவரை நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்தார்.

அது விளம்பரம் என்று நாங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை.

6

இந்த இடத்தில் ஒரு வில்லன் வந்தால் கதை நிமிரும். முதலாளி வேணுகோபாலை அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். "அவன் கண்கள் குரூரமாக—" என்பதுவரை எழுதினேன். ஆனால் அவர் கடையில் எங்களிடம் சொன்னது இது:

"ஏம்மா சத்யா, மாலையோட போய் மொத ஆளா நின்னவன் நான். எனக்கில்லாத வருத்தமா? முகூர்த்தப் புடவ எடுக்க வர்றவங்க கேக்குறாங்கம்மா, 'அந்தப் பொண்ணு தவறிடுச்சாமே'ன்னு. எடுத்த புடவைய வச்சிட்டு எழுந்து போறாங்க. கலாவதியே இருந்திருந்தா என்னா சொல்லும்? 'மொதலாளி, வேற ஆள வைங்க, சரக்கு தேங்குது'ன்னும்."

சொல்லியிருப்பாள்தான். ஆடிக் கடைசியில் புதுப் பக்கம், புதுப் பெண். கலாவதியின் பக்கம் வெள்ளிக்கிழமையோடு மூடப்பட்டது. சிவபாலனின் போனில் ஸ்கோர் மட்டும் வந்தது. மழை மட்டும் வந்தது.

7

ஆவணி நெருங்கும்போது சத்யப்ரியா என்னைக் கூப்பிட்டாள்.

"அவரு டெய்லி பாக்குற உள்ளூர் செய்திப் பக்கம் நான் பண்ணதுதான் சார். அதுல ஒரு விளம்பரக் கட்டம் என் கையில இருக்குது. அவர் போனுக்கு மட்டும் கலாவதி அக்காவ வர வைக்கலாம். கடைப் பேரு, வெல எதுவும் இல்லாம."

விற்பதற்கு எதுவும் இல்லாத ஒரு விளம்பரம்.

"இன்னொண்ணும் பண்ணலாம்" என்றாள். குரல் இறங்கியது. "பதினோரு வரி அவங்க பேசினது இருக்குது. அத வச்சு மெஷின் புதுசா எத வேணா பேசும், அவங்க குரல்லயே. இப்ப விளம்பரத்துல எல்லாரும் இதான் பண்றாங்க. நீங்க ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. பூவாடை அன்னிக்கு வரட்டும்."

"அந்த மனுசன் நம்பிடுவாரேம்மா."

"இப்ப மட்டும் நம்பலயா?"

எழுத உட்கார்ந்தேன்.

"ஏங்க, நான் வந்துட்டேன்—" (ஏங்க என்றுதான் கூப்பிட்டாளா? தெரியாது.)

"நம்ம பொண்ணு நல்லா இருப்பா, நீங்க அழாதீங்க—" (இதே வரியைத் தொடர்களில் ஏழெட்டுப் பேருக்குக் கொடுத்திருக்கிறேன்.)

மறுநாள் சிவபாலனின் பஸ்ஸில் ஏறினேன். கூட்டம் இறங்கியதும் கேட்டேன்: "வீட்டுல உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?"

"எதுக்கு சார்?"

"கதைக்கு."

சிரித்தார். "கூப்புடவே மாட்டா சார். பக்கத்துல வந்து நிப்பா. நானாத்தான் திரும்பணும். அதுக்கே சண்ட வரும், எவ்ளோ நேரமா நிக்கிறேன், கண்ணு தெர்லயான்னு."

டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "புதன்கிழம காலைல பூவாடை. நீங்களும் வரணும். போனத் தட்டுல வைக்கப்போறேன். வெள்ளிக்கெழமைலேர்ந்து காணோம்னு பொண்ணு சொல்லுது, போன வைக்காதப்பா, வரலன்னா சொந்தக்காரங்க சிரிப்பாங்கன்னு. பொண்ணு கல்யாணத்துக்கு வராம எங்க சார் பூடுவா?"

நான் எழுதிய வரிகளைத் திருப்புட்குழியில் இறங்கிக் கிழித்தேன். கூப்பிடாதவளுக்கு நான் என்ன வசனம் எழுதுவது?

8

இன்று செவ்வாய்க்கிழமை. முடிவு எழுத வேண்டும்.

முடிவு ஒன்று: நாளைக் காலை பம்பை ஓயும் நேரத்தில் தட்டில் இருக்கும் போனில் கலாவதி வருகிறாள். பேசவில்லை. நிற்கிறாள். அவர் திரும்புகிறார். உறவெல்லாம் கையெடுத்துக் கும்பிடுகிறது. அதன்பின் தினமும் வருவாள். சத்யப்ரியா என்றோ ஒருநாள் இந்தத் தொழிலை விடுவாள், அல்லது மறந்துபோவாள். அன்று மறுபடியும் "தப்புப் பண்ணிட்டனா?" என்று மாடி ஏறி வருவார். அங்கே வேறு யாரோ இருப்பார்கள்.

முடிவு இரண்டு: கட்டம் காலி. "வந்துட்டியா?" என்று கேட்கிறார்கள். போனில் தங்கம் விலை ஓடுகிறது. திரை மங்கும்போதெல்லாம் அவர் விரலால் தட்டி ஒளியேற்றுகிறார். மகள் சங்கீதா வேறு பக்கம் பார்க்கிறாள்.

முடிவு மூன்று: இன்றே உண்மையைச் சொல்லிவிடுவது. சொல்லத்தான் போனேன். மதியம் பஸ் ஸ்டாண்டில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். "அண்ணே, அது வந்து—" என்றேன். "என்னா சார், புதன்கிழம மறந்துடாதீங்க" என்றார். அந்த வாக்கியமும் அப்படியே கிடக்கிறது.

இந்தத் தொழிலில் சந்தேகம் வந்தால் எளிய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றையும் மீதிப் பேருக்கு இன்னொன்றையும் காட்டி, எது எடுபடுகிறது என்று பார்ப்பார்கள். சிவபாலன் ஒரே ஆள். பாதியாகப் பிரிக்க முடியாது.

"நீங்களே சொல்லுங்க சார், என்னால முடியல" என்று சத்யப்ரியா அந்தக் கட்டத்தை என் போனிலிருந்தே திறக்கிற மாதிரி செய்து கொடுத்துவிட்டாள். எழுத்தில் நூறு கொலையாவது செய்திருக்கிறேன். செத்தவர்களைத் திருப்பியும் கொண்டுவந்திருக்கிறேன், வாசகர் கடிதம் வந்தால். இந்த ஒன்றில் கை போகவில்லை.

விடிந்ததும் அவர் போனைத் துண்டால் துடைத்துத் தட்டில் வைப்பார். வைத்துவிட்டு அதற்கு முதுகு காட்டி நிற்பார், அவள் வந்து நிற்கட்டும், பிறகு திரும்பலாம் என்று.

எவ்வளவு நேரம் அப்படி நிற்பார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லுங்கள். அனுப்பவா, வேண்டாமா?